சூப்பர்மேன், பேட்மேன் கையில் இருந்தும் மார்வெலிடம் டிசி சறுக்கியது எப்படி?

ஸ்பைடர்மேன் சோனியிடம், எக்ஸ்-மென் ஃபாக்ஸிடம். 90-களில் பணத்துக்குத் தவித்த மார்வெல் (1996-ல் திவால் மனுவே போட்டது), தன் பெரிய கேரக்டர்களின் பட உரிமையை இப்படித்தான் கைமாற்றியது. டிசி நிலைமை நேர் எதிர். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் எல்லோருமே வார்னர் பிரதர்ஸ் வீட்டுப் பிள்ளைகள்.

அப்புறம் எப்படி மார்வெல் முந்தியது? மிச்சம் இருந்ததை வைத்து எடுத்த ரிஸ்க்தான். 2005-ல் கேப்டன் அமெரிக்கா உள்ளிட்ட 10 கேரக்டர்களின் பட உரிமையை அடமானம் வைத்து, சொந்தமாகப் படமெடுக்க 52.5 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்தது. படங்கள் ஓடாவிட்டால் அந்த ஹீரோக்களும் போயிருப்பார்கள். முதலில் வந்த 'அயர்ன் மேன்' (2008) சூப்பர் ஹிட். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு நிக் ஃப்யூரி வந்து அவெஞ்சர்ஸ் பற்றிப் பேசுவாரே, அதுதான் விதை. 'அவெஞ்சர்ஸ்' வர 4 வருஷமும் 5 படங்களும் ஆனது.

டிசிக்கு அந்தப் பொறுமை இல்லை. 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) முடிந்ததும் அடுத்த படத்திலேயே சூப்பர்மேனை பேட்மேனோடு மோதவிட்டார்கள். 2017-ல் 'ஜஸ்டிஸ் லீக்'. அதில் வந்த ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவருக்கும் அதுவரை தனிப்படமே கிடையாது. ஆளையே தெரியாதபோது அவர்கள் கூட்டணியில் என்ன பரபரப்பு?

இப்போது டிசியைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பில் ஜேம்ஸ் கன். மார்வெலில் 'கார்டியன்ஸ்' படங்கள் எடுத்தவர். பழைய ட்வீட்களுக்காக மார்வெலின் முதலாளி டிஸ்னி 2018-ல் நீக்க, வார்னர் அழைத்துக்கொண்டது. (டிஸ்னி மனசு மாறி மறுபடி கூப்பிட்டது தனிக்கதை.) 2025 ஜூலையில் வந்த அவரது 'சூப்பர்மேன்' வசூல் 60 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டு வாரம் கழித்து வந்த மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அதை எட்டவில்லை.