மேடை கோணலா? பாட்டுப் போட்டி நம் வீட்டுக்கு வந்து சேரும் வழி

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். பழமொழி ஆடுகிறவளைத்தான் கேலி செய்கிறது. ஆனால் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி என்று வந்துவிட்டால், மேடை உண்மையிலேயே கோணலாக இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே மேடை என்றால் பலகை போட்ட இடம் மட்டும் இல்லை. பாடுகிறவர் வாய்க்கும் நம் காதுக்கும் நடுவில் இருக்கிற மைக், கம்பி, மிக்ஸர், செயற்கைக்கோள், ஓட்டு எண்ணும் கணினி எல்லாமே மேடைதான். பல நாட்டுப் போட்டியாளர்கள் ஏறுகிற அப்படியொரு மேடையை எப்படி நேராக நிறுத்துகிறார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மைசூர்ப் பக்கம் வாழும் தமிழர்களுக்கு மாதேஸ்வரன் மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை மைசூர் மாவட்டத்தோடு இருந்த மலை. சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்து ஜனங்களும் வந்து கும்பிடுகிற சாமி. அந்தச் சாமியின் கதையை வெண்கலக் கம்சாளே தட்டிப் பாடுகிறவர்கள் தேவரகுட்டர்கள். ராத்திரி முழுக்கப் பாடினாலும் தீராத நீளமான கதை. பழைய முறையில் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் காற்று மட்டும்தான். சரியாகக் கேட்கவில்லையா, கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தால் போச்சு. தொலைக்காட்சி பார்க்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குப் பதிலாக வேறொருவர் நகர்ந்து உட்கார வேண்டும். அவர்தான் ஒலிப் பொறியாளர். அவர் எங்கே உட்காருகிறாரோ அங்கிருந்துதான் நாம் எல்லோரும் கேட்கிறோம்.

மலைக்கு மலை கடந்த அலைகள்

நாடுகளுக்கு நடுவே நடக்கும் பாட்டுப் போட்டி என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் யூரோவிஷன். 1950-ல் அமைந்த ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் இதை நடத்துகிறது. முதல் போட்டி 1956 மே 24-ந் தேதி சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. சுவிட்சர்லாந்தின் லிஸ் ஆசியா வென்றார். பாட்டுக்குப் பரிசு கொடுப்பதோடு இன்னொரு ஆசையும் அதன் பின்னால் இருந்தது. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பல நாடுகளில் நேரலையாகக் காட்ட முடியுமா என்று பார்த்துவிட வேண்டும்!

அப்போது செயற்கைக்கோள் கிடையாது. உயரமான இடங்களில் கோபுரம் நட்டு, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு நுண்ணலையாகப் படத்தை அனுப்பினார்கள். அந்த அலை நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அதன் பின்னால் நிழல் விழும். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, “இப்பத் தெரியுதா?” என்று கீழே பார்த்துக் கத்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1958-ல் நெதர்லாந்தின் ஹில்வெர்சும் நகரில் போட்டி நடந்தபோது, முதலில் பாடிய இத்தாலியின் டொமெனிகோ மொதுன்யோவின் பாட்டு, அலைவரிசைக் கோளாறால் சில நாடுகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பாட்டே வராத ஊரில் நடுவர் எதை வைத்து மதிப்பெண் போடுவார்? கடைசியில் அவரை மறுபடியும் பாட வைத்தார்கள். அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தப் பாட்டு உலகப் புகழ் பெற்றது. போட்டி தொடங்கி மூன்றாம் வருஷமே “மேடை கோணல்” என்ற பிரச்சினை வந்துவிட்டது. அதற்கான தீர்வும் அன்றைக்கே கிடைத்தது: தவறு கருவியுடையது என்றால், பாடியவருக்கு இன்னொரு வாய்ப்பு.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1935-ல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே சிறிய வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய “ஆகாசவாணி” என்ற பெயர்தான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. 1982-ல் ஹாசனில் அமைந்த கட்டுப்பாட்டு மையத்திலிருந்துதான் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களை இயக்கினார்கள். வானத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும் அலைக்கு மலை குறுக்கே நிற்காது. அதனால்தான் மலையடிவாரத்து வீட்டுக் கூரையில் ஒரு டிஷ் வைத்தால் சென்னைப் பாட்டுக் கேட்கிறது.

ஒரு குரல், இரண்டு கலவை

எல்லோருக்கும் ஒரே மைக் கொடுத்துவிட்டால் நியாயம் ஆகிவிடுமா? ஆகாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் விழும் ஒலியின் செறிவு சுமார் நான்கு மடங்காகும். ஒருவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பார், இன்னொருவர் மார்புக்கு நேராகப் பிடிப்பார். மெல்லிய குரல்காரர் ஒருவர், மலைக்கோயில் வெண்கலம் போல் கணீர் என்று அடிப்பவர் ஒருவர். கம்சாளேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓசை பாய்ந்து வரும்போது பக்கத்தில் பாடுகிறவரின் மைக்கிலும் புகுந்து, குரலை அமுக்கிவிடும். அதற்குத் தனி மைக், தள்ளி வைத்த மைக், குறைத்த அளவு என்று ஏற்பாடு வேண்டும். ஆகவே நியாயம் என்பது ஒரே அளவைத் திருகி வைத்துவிட்டு உட்காருவது இல்லை. ஒவ்வொருவர் குரலுக்கும் ஒத்திகையில் அளவு பார்த்து, அதை டிஜிட்டல் மிக்ஸரில் சேமித்து வைத்து, அவர் முறை வரும்போது திரும்ப எடுப்பதுதான் நியாயம்.

அரங்கத்துக்கு ஒரு மிக்ஸர், ஒளிபரப்புக்கு இன்னொரு மிக்ஸர் என்று இரண்டு கலவை ஒரே நேரத்தில் நடக்கிறது. அரங்கத்தில் கூட்டத்தின் ஆரவாரமும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் தானாகவே இருக்கின்றன. வீட்டில் அவை கிடையாது, ஆள் வைத்துச் சேர்க்க வேண்டும். “நேரில் கேட்டேன், பிரமாதம், டிவியில் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லையே” என்று சிலர் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். அவர்கள் கேட்டது இரண்டு வெவ்வேறு கலவை.

அடுத்தது பாடுகிறவரின் காது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து தாளம் வந்து சேர வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வேகமான பாட்டில் தாளம் தவற அது போதும். இதற்காகத்தான் பாடகர்கள் காதில் சின்ன இயர்போன் மாட்டிக்கொள்கிறார்கள். ரேடியோ அலையில் வருவதால் அதில் தாமதம் தெரியாது. பாடும்போது சிலர் ஒரு பக்க இயர்போனைக் கழற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தின் சத்தத்தையும் கேட்கவேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம், இயர்போன் மக்கர் பண்ணியதாகவும் இருக்கலாம்.

யூரோவிஷனில் 1999 முதல் நேரடி இசைக்குழு இல்லை. பின்னணி இசை பதிவுதான். முதன்மைக் குரல் மட்டும் மேடையிலேயே பாடப்பட வேண்டும். பின்னணிக் குரல்களைப் பதிவாக ஒலிக்கவிடலாம் என்று 2021-ல் தளர்த்தினார்கள். பெரிய குழுவைக் கூட்டிவரப் பணமில்லாத நாட்டுக்கு இது உதவி. ஆனால் நேரில் பாடுவதும் பதிவும் கலந்துவிட்டால் எதை மதிப்பிடுகிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நாற்பது மில்லி வினாடிக் கணக்கு

நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் வழக்கமான தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 40 மில்லி வினாடி. படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் புகுந்து வருவதால் இரண்டும் ஒரே அளவு தாமதப்படுவது இல்லை. சில படங்கள் விலகினாலே வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். பார்க்கிறவர் “வாயசைக்கிறாங்கப்பா” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாவம், பாடியவர் நேர்மையாகத்தான் பாடியிருப்பார்! அதனால் எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்தோடு கட்டிவைக்கிறார்கள். பாட்டின் எந்த நொடியில் எந்தக் கேமரா, எந்த விளக்கு என்பதும் அந்தக் கடிகாரப்படியே ஓடும்.

ஒரு பாட்டுக்கு மூன்று நிமிஷம், மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது என்பது யூரோவிஷன் விதி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. வீட்டில் நாம் ஒரு சின்ன அறிமுகப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருட்டில் பணியாளர்கள் ஓடி ஒரு செட்டைத் தள்ளிவிட்டு இன்னொன்றை நிறுத்துகிறார்கள்.

அத்தனைக்கும் மேலே மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும். 2021-ல் ராட்டர்டாமில் நடந்த போட்டியில் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குக் கொரோனா. குழு மேடை ஏறவில்லை. ஒத்திகையில் எடுத்த பதிவை ஒளிபரப்பினார்கள். ஆஸ்திரேலியப் பாடகி பயணமே செய்ய முடியாமல், முன்கூட்டிச் சொந்த நாட்டில் எடுத்த பதிவின் மூலம் போட்டியிட்டார். 2018-ல் லிஸ்பனில் பிரிட்டன் பாடகி பாடும்போது ஒருவர் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினார். மறுபடி பாட வாய்ப்பு தந்தார்கள், அவர் வேண்டாம் என்றார். வாய்ப்பு தரப்பட்டது என்பதுதான் முக்கியம்.

ஹலோ, கேக்குதா?

செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறி இறங்கக் கால் வினாடி. நாம் கேட்டு, அவர் பதில் சொல்லி அது திரும்பி வர அரை வினாடி. வெளிநாட்டு நிருபர் கேள்வி முடிந்த பிறகும் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அவருக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மீதியை அனுப்புவார்கள். கழிக்காவிட்டால் தன் குரலே அரை வினாடி கழித்துத் தன் காதில் விழும். யாராலும் தொடர்ந்து பேச முடியாது, நாக்குக் குளறும்.

ஓட்டு எங்கே போகிறது?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2015-ல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காம் பருவத்தில் பெங்களூர் ஸ்பூர்த்தி முதலிடம் பெற்றார். கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ப் பெண் ஜெசிக்கா இரண்டாம் இடம். கர்நாடகத்து வீடு ஒன்றும் கனடா வீடு ஒன்றும் ஒரே தமிழ் மேடையில் சந்தித்த ராத்திரி அது. சென்னையில் இரவு எட்டு மணி என்றால் டொராண்டோவில் பிப்ரவரி மாதத்தில் காலை ஒன்பதரை. ஒரு நிகழ்ச்சி அங்கே சில மணி நேரம் தாமதித்து ஒளிபரப்பானால், அதைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடும்போது பெட்டி மூடியிருக்கும். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒளிபரப்பு நேரமும் ஓட்டுரிமையின் ஒரு பகுதிதான்.

யூரோவிஷன் இதில் பல பாடங்களைப் படித்தது. 1997-ல் ஐந்து நாடுகளில் தொலைபேசி ஓட்டைச் சோதித்து, 1998-ல் பெரும்பாலான நாடுகளுக்கு விரித்தார்கள். சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. ஆள்பலம் ஜெயிக்கக் கூடாது என்பதற்காக, எத்தனை லட்சம் ஓட்டு விழுந்தாலும் ஒவ்வொரு நாட்டின் முடிவையும் 1 முதல் 8, 10, 12 என்ற மதிப்பெண்ணாகச் சுருக்கிவிடுகிறார்கள். 2023 முதல் போட்டியிடாத நாட்டு ரசிகர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு நாடாகக் கணக்கு. நடுவர்களோ முதல் நாள் இரவு ஒத்திகையைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். நாமும் நடுவரும் பார்ப்பது ஒரே பாட்டு, வேறு வேறு ராத்திரி!

2022-ல் ஆறு நாட்டு நடுவர் குழுக்களின் மதிப்பெண்களில் சந்தேகத்துக்கு இடமான ஒற்றுமை தெரிந்தபோது, அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு கணக்கு முறையைப் பயன்படுத்தினார்கள். கணினி நல்லது கெட்டது அறியாது. ஆனால் வழக்கத்துக்கு மாறான எண்ணைச் சுட்டிக்காட்டும். பார்த்துத் தீர்மானிக்க ஆள் வேண்டும்.

நம் சங்கத்துக்கு என்ன பாடம்?

இப்போது சங்கங்களே இணையம் வழியாகப் பல நாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்டி நடத்துகின்றன. கோடிக்கணக்கில் செலவு செய்ய முடியாது. ஆனால் சில காரியங்களுக்குச் செலவே இல்லை.

பின்னணி இசையைப் பாடுகிற பிள்ளையின் வீட்டிலேயே ஒலிக்க விடுங்கள். இங்கிருந்து அனுப்பினால் தாமதம் காரணமாகத் தாளம் தவறும், பழி பிள்ளை மேல் விழும். வீடியோ அழைப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒரே சீராக ஒலிக்கும் தம்புராச் சுருதியை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். எல்லோருக்கும் ஒத்திகை நேரம் சமமாக இருக்கட்டும். பாடும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மைக்கோ மின்சாரமோ இணைப்போ போனால் மறுபடி பாடலாம் என்ற விதியைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி வாசித்துவிடுங்கள். நடுவில் தீர்மானித்தால் அது இரக்கம் மாதிரித் தெரியும். முன்பே எழுதினால் அது உரிமை.

நேர வரம்பையும் யோசித்து வையுங்கள். மூன்று நிமிஷம் சினிமாப் பாட்டுக்குச் சரி. கம்சாளேக் கதையோ நம் ஊர் உடுக்கைப் பாட்டோ மூன்று நிமிஷத்தில் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்தக் கலைகளுக்குப் போட்டிக்கு வெளியே மணி இல்லாத நேரம் ஒன்றை ஒதுக்கிவைப்பதே மரியாதை. மேடையை நேராக நிறுத்துவது நம் வேலை. அதைச் செய்துவிட்ட பிறகு, பாட்டு கோணலா இல்லையா என்று நடுவர் தாராளமாகச் சொல்லட்டும்.