ஒளியும் உபசாந்தியும் – 14
குமாரசுவாமி கேட்டு வாங்கிய படங்கள்

சேலம் மாவட்டத்துத் தியாகனூர்ப் புத்தர் சந்நிதியில் காமிராவோடு அமர்வதும் ஒருவகைத் தியானமே என்று சென்ற வாரம் சொல்லி நிறுத்தியது வாசகர்களுக்கு நினைவிருக்கும்; மேலே செல்வோம்.

செல்லவிடாமல் இவ்வாரம் என்னை வழிமறித்தவர் ஆனந்த குமாரசுவாமி. பாலி மொழிப் பௌத்த நூலான சுத்த நிபாதத்தின் சூத்திரங்களை 1874இல் ஆங்கிலமாக்கிய இலங்கைத் தமிழர் சர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராய் 1877இல் கொழும்பில் பிறந்து, கனிம ஆராய்ச்சிக்காக இலங்கையைச் சுற்றியபோது கைவினைகள் அழிவதைக் கண்டு கலையின் பக்கம் திரும்பிய அப்பெருமகனார், இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தமது நூலை வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டு 1908இல் நிறைவேற்றினார். அதற்காகப் புகைப்படங்கள் எடுத்தவர் அவர் மனைவி எதெல். பின்னர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பதவி வகித்த காலத்தில், புகைப்படம் இயந்திரத்தின் வேலையேயன்றிக் கலையாகாது என்று ரசிக சிகாமணிகள் முகஞ்சுளித்துக்கொண்டிருக்க, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸிடம் கேட்டு வாங்கி 27 படங்களை 1924இல் அங்கே சேர்ப்பித்தார். சுத்த நிபாதம் புழங்கிய வீட்டுப் பிள்ளை செய்த காரியம் இது என்பதை எண்ண எண்ண எனக்கு ஆனந்தம் தாளவில்லை.

அந்த ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களைப் படம் எடுத்தவர். மேகத்தின் உருவம் மனோநிலையின் பிரதிநிதி என்பது அவர் சித்தாந்தம். அதைப் பரீட்சிக்கக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நான் அண்ணாந்து நின்றபோது, டீக்கடைக்காரர், "மேகத்த எதுக்குங்க சார் படம் புடிக்கிறீங்க? அது என்னா இங்கயே நிக்கவா போவுது?" என்றார். பதில் தோன்றாமல் இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன்.

ஸ்டீக்லிட்ஸின் வழியைப் புகைப்படக் கலைஞர் மைனர் வைட்டும், அவரிடம் பயின்ற ஜான் டைடோ லூரியும் வளர்த்தார்கள். 1980இல் நியூயார்க் மாநிலத்து மலையொன்றில் ஜென் மடாலயம் நிறுவிய லூரி, காமிராவையும் சாதனையின் கருவியாக்கினார்: பொருளின் முன் அமர்தல், எடுத்தே தீரவேண்டும் என்ற தவிப்பு அடங்கும்வரை காத்திருத்தல், எடுத்தபின் வணங்கி விலகுதல். நோய், நோய்முதல், நோய்நீக்கம், அதற்கு மார்க்கம் என்று வைத்தியனைப் போல் வகுத்துரைத்த புத்த பகவான் நோய்முதலாகக் காட்டியது திருஷ்ணையை, அதாவது வேட்கையை. சந்நிதியில் நுழைந்ததும் செல்போனை நீட்டி நாலு கிளிக், உடனே கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கு ஓட்டம் என்பது அந்தத் திருஷ்ணைக்குத் தீனி போடுவதே; மருந்து என்று ஏதேனும் உண்டென்றால் அது காத்திருப்பதில்தான் இருக்கவேண்டும். இதனால் மூட்டுவலி தீரும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம்.

தியாகனூருக்கு இவ்வாரமும் போய்ச் சேரவில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பெற்று, புத்தரே என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த சிலையும் பாக்கி நிற்கிறது. அடுத்த வாரம் சின்னசேலம் வழியாகத் தலைவாசலில் இறங்கி நேரே சந்நிதிக்குப் போய்விடுவோம், குமாரசுவாமி மறுபடி குறுக்கிடாதிருந்தால்.

(தொடரும்)