உயிர் காக்கும் படகுக்கும் கட்டணமா?

பிரிட்டன் கடற்கரையில் ஒருவர் அலையில் இழுபட்டுப் போனால், 999 எண்ணை அழைத்து ‘கோஸ்ட்கார்ட்’ என்று கேட்க வேண்டும். அழைப்பை எடுப்பது அரசின் கடலோரக் காவல் பிரிவு. ஆனால் அவர்கள் சொன்னதும் கடலில் இறங்கும் படகு பெரும்பாலும் அரசுடையது அல்ல. அது ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனத்தின் படகு. 1824-இல் சர் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் பிறந்த இந்த அமைப்புக்கு பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் இன்று 230-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

படகில் ஏறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள். தச்சர், ஆசிரியை, கடை வைத்திருப்பவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. இடுப்பில் ஒரு பேஜர். அது அலறியதும் கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு, நள்ளிரவானாலும் கடலுக்குள் போகிறார்கள். இதற்குச் சம்பளம் இல்லை. காப்பாற்றப்பட்டவரிடமும் ஒரு பென்னி வாங்குவதில்லை. இதை அங்கே வாழும் தமிழர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பில் வருமோ, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று தயங்கி அழைப்பைத் தாமதிக்காதீர்கள். கடலில் மீட்புக்குக் கட்டணம் கிடையாது.

தொண்டர்கள் காசு வாங்குவதில்லை என்பதால் மீட்புக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஷானன்’ வகைப் படகு ஒன்றின் விலை 20 லட்சம் பவுண்டுக்கும் மேல். எரிபொருள், பயிற்சி, உயிர்காப்பு உடுப்பு, வானொலிக் கருவி என்று அதன் பின்னால் வரிசையாகச் செலவு நிற்கிறது. இதில் பெரும்பகுதி பொதுமக்களின் நன்கொடை. அதிலும் பெரும்பங்கு, இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்துப் போகும் பணம். பத்துப் படகுப் பயணங்களில் ஆறு இந்த உயில் கொடைகளால்தான் நடக்கின்றன என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு கேம்பர் சாண்ட்ஸை நினைவூட்ட வேண்டும். 2016 ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சசெக்ஸில் உள்ள அந்தக் கடற்கரைக்குப் போன தென்கிழக்கு லண்டன் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர் பிணமாகத்தான் திரும்பினார்கள். அங்கே நீர் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்தான். ஏறும்போதோ மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கமாக வந்து வழியை அடைத்துவிடும். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர் இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகே ஆர்.என்.எல்.ஐ. காப்பாளர்கள் அங்கே கோடைக்காலக் காவலுக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட காவலுக்கு உள்ளூராட்சி ஒரு பங்கு தருகிறது. மீதியைச் சுமப்பது நன்கொடைப் பணம். எனவே இத்தகைய மீட்பு அமைப்புகளின் கையிருப்பு குறைவது யாரோ அந்நியரின் கணக்குப் பிரச்சினை அல்ல.

கையிருப்பைக் கரைக்கும் வழிகளில் ஒன்று, அதிகம் பேசப்படாத ஒழுங்குமுறைக் கட்டணங்கள். 2008-இல் பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், கடல்சார் வானொலி அலைவரிசைகளுக்கும் சந்தை மதிப்பையொட்டிய கட்டணம் விதிக்கலாம் என்று யோசனை வெளியிட்டது. அலைவரிசை அருமையான பொருள், விலை வைத்தால்தான் சிக்கனமாகப் பயன்படுத்துவார்கள் என்பது அதன் வாதம். செல்பேசி நிறுவனத்துக்கு இந்த வாதம் சரி. மீட்புப் படகுக்கு எப்படிப் பொருந்தும்? அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல் உலகுக்கே பொது. அதற்கு அப்பாலும் படகும் நிலையமும் தங்களுக்குள் பேச வேண்டும், தொண்டர்களைப் பேஜரில் கூப்பிட வேண்டும். புயலில் தத்தளிப்பவரைத் தேடும்போது பேச்சைச் சிக்கனப்படுத்து என்று எவரும் சொல்ல முடியாது. லாபமே இல்லாத இடத்தில் விதிக்கப்படும் கட்டணம் உண்டியலில் விழுந்த நாணயத்திலிருந்துதான் போக வேண்டும். அப்போது பலத்த எதிர்ப்பு எழுந்தது. அவசர வேளையில் மனித உயிர் காப்பதையே நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளைகளுக்கு உரிமக் கட்டணத்தில் பாதி போதும் என்பது இன்று விதியாக இருக்கிறது. முழு விலக்கே நியாயம் என்பது என் கருத்து.

மறைமுக அடியும் உண்டு. இறந்தவரின் உயிலை நிறைவேற்ற நீதிமன்றத்தில் கட்ட வேண்டிய ப்ரொபேட் கட்டணத்தைச் சொத்து மதிப்புக்கேற்ப 6,000 பவுண்டு வரை உயர்த்தும் திட்டத்தை 2018-இல் அரசு கொண்டுவந்தது. உயில் கொடையை நம்பியிருக்கும் அமைப்புகள் கலங்கின. எதிர்ப்புக்குப் பின் 2019-இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் ஆர்.என்.எல்.ஐ. நிதி நெருக்கடியால் 135 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8-இலிருந்து 15 சதவீதமாகியிருக்கிறது. இதிலும் அறக்கட்டளை என்பதற்காக விலக்கு இல்லை.

பெரிய நிறுவனமாவது இதைத் தாங்கும். தனித்தியங்கும் சிறு படகுக் குழுக்களின் பாடுதான் திண்டாட்டம். நார்ஃபோக்கின் கேய்ஸ்டரில் 1969-இல் ஆர்.என்.எல்.ஐ. நிலையத்தை மூடியபோது, ஊரார் விடவில்லை. தாங்களே நிதி திரட்டிப் படகை ஓட்டத் தொடங்கினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். இத்தகைய குழுக்கள் மீட்புப் படகுகளுக்கான நெறிமுறைப்படி பயிற்சியும் பராமரிப்பும் காட்ட வேண்டும். பாதுகாப்புக்கு அது தேவைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். பணம் திரட்டப் பொதுமக்களிடம் லாட்டரிச் சீட்டு விற்றால், உள்ளூராட்சியில் பதிய முதலில் 40 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 20 பவுண்டு. ஒரு விழாவுக்குள்ளேயே விற்று முடிக்கும் குலுக்கலுக்கு இந்தப் பதிவு வேண்டாம் என்பது பல குழுக்களுக்குத் தெரிவதில்லை.

தெரியாததாலேயே இழக்கும் சலுகைகள் வேறும் உண்டு. கடல் மீட்பு அறக்கட்டளை படகு வாங்கினாலும் பழுது பார்த்தாலும், தகுதியை எழுத்தில் உறுதி செய்தால் விற்பனையாளர் சுழிய விகித வாட் வரியில் தர முடியும். 2015 ஏப்ரல் 1 முதல் தேடல்-மீட்பு அறக்கட்டளைகள் மற்ற செலவுகளில் கட்டிய வாட் வரியையும் திரும்பப் பெறலாம்.

கொடுப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். வருமான வரி கட்டுபவர் ‘கிஃப்ட் எய்ட்’ படிவத்தில் கையெழுத்திட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக அமைப்புக்குப் போகும். வரி கட்டாதவர் கையெழுத்திட்டால் அந்தத் தொகை அவர் தலையில் விழும், கவனம். உயிலில் அறக்கட்டளைக்கு எழுதுவதற்கு வாரிசு வரி இல்லை. வரிக்குரிய சொத்தில் பத்தில் ஒரு பங்காவது அப்படி எழுதினால், மீதிக்கான வரி 40-இலிருந்து 36 சதவீதமாகக் குறையும். உண்டியலோடு தெருவில் நிற்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். அறக்கட்டளை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். நச்சரிப்போ ஏமாற்றோ இருந்தால் முதலில் அந்த அமைப்பிடமே முறையிட்டு, பதில் சரியில்லையென்றால் நிதிதிரட்டல் ஒழுங்குமுறை அமைப்பிடம் போங்கள்.

கட்டணங்களைத் தடுப்பதும் நம் கையில் இருக்கிறது. ப்ரொபேட் உயர்வு கைவிடப்பட்டது எதிர்ப்பால்தான். ஆஃப்காம் கட்டணத்தை மாற்றுமுன் பொதுக் கருத்துக் கேட்கிறது, யாரும் எழுதலாம். நாடாளுமன்ற மனுவில் 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்கிறது, ஒரு லட்சம் எட்டினால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிக்கிறார்கள். கையெழுத்திடக் குடியுரிமை தேவையில்லை, பிரிட்டனில் வசித்தால் போதும். அங்கே உங்களுக்கு உறவுகள் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.