சுடரா, காற்றா?

பொழியூர்க் கடற்கரையில் நின்று இரவில் நோக்கினால், தொலைவில் வள்ளத்து விளக்கு மினுங்கும். அசைவது சுடரா, இடையிலுள்ள காற்றா? வானொலி அலை வீசும் வான்பொருள்களிடத்தும் இதே ஐயம் எழுகிறது.

கன்னி விண்மீன் குழுவில் தெரியும் '3சி 273' இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ளது. அதன் நடுவே மாபெருங் கருந்துளை ஒன்று உண்டு. அதனருகிலிருந்து பாயும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்குவதால், அதனைப் 'பிளேசார்' என்பர். அதன் வானொலி வீச்சு மாறுவதை 1965-இல் டென்ட் என்னும் அறிஞர் அறிவித்தார்.

இதன் பொருள் பெரிது. ஒளி ஒரு பொருளைக் கடக்கும் காலத்தைவிட விரைவாக அப்பொருள் முழுதும் மாற இயலாது. தாரையின் வேகத்துக்காக இக்கணக்கைத் திருத்தினாலும், அலை பிறக்கும் இடம் ஓர் அண்டத்தின் முன் சிறு புள்ளியே.

ஆனால் மாறியது சுடர்தானா? விண்மீன்களுக்கிடையே பரவிய மின்னணுக்களும் நீண்ட அலைகளை மினுங்கவைக்கும். ஆகவே பல அலைநீளங்களில் அளக்கவேண்டும். எழுச்சி குறுகிய அலையில் முன்னும் நீண்ட அலையில் பின்னும் தோன்றினால், அசைந்தது சுடர். நீண்ட அலை மட்டும் மாறினால், பெரும்பாலும் அது இடைவெளியின் வேலை.

நீண்ட அலைகளை அளக்கும் கருவி தமிழகத்திலேயே உண்டு. கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970-இல் உதகையில் எழுந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, 92 செ.மீ. அளவுள்ள அலைகளை ஏற்கிறது. மலைச்சரிவின் சாய்வு அவ்வூரின் அட்சரேகைக்கு ஈடாதலால், ஒரே அச்சில் திரும்பியே பல மணி நேரம் ஒரு பொருளைத் தொடர்கிறது. இயற்பியல் பயிலும் தோழர்களே, விடை தேடும் வேலை நம் மலையிலேயே இருக்கிறது!