மாலை ஆறரை மணி விருந்தாளிகள்

வௌவால் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். பாழடைந்த மண்டபம், பேய் பங்களா இதுதான் ஞாபகத்துக்கு வரும். தாம்பரம், சேலையூர் பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கும் நெட்டிலிங்க மரத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள், வேறு கதை தெரியும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நெட்டிலிங்கம், ஒரு கொய்யா, ஒரு வாதாங்கொட்டை மரம். விளக்கு வைத்த கையோடு ஒவ்வொன்றாக வரும். மரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பறந்தபடியே பழத்தைப் பறித்துக்கொண்டு இன்னொரு மரத்துக்கு ஓடிவிடும். அங்கே தலைகீழாகத் தொங்கி, மென்று, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். ராத்திரி சன்ஷேடில் 'டப் டப்'பென்று விழுவது வாதாங்கொட்டைதான்.

நெட்டிலிங்கத்தில் ஆண் வௌவால் வீடே கட்டும். குச்சிகளைக் கடித்து ஒடித்து, தொங்கும் இலைகளுக்கு நடுவே கூடாரம் மாதிரி இடம் பண்ண வாரக்கணக்கில் பாடுபடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெண்கள் அதில் வந்து தங்கும். ஒரு ஈட்டுக்கு ஒரே குட்டி. தாயின் மாரைக் கவ்விக்கொண்டு தொங்கும். அதைப் பார்த்த பிறகு யாருக்குக் கல்லெறிய மனசு வரும்?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது கோபமில்லை, பயம். "அக்கா, மரத்தை வெட்டிடுங்க. நிபா வந்துடும்னு சொல்றாங்க. என் குழந்தை கீழே கிடக்கிறதை எல்லாம் வாயில வெக்கறான்" என்றாள். பெற்றவள் பயப்படாமல் இருப்பாளா? 2018ல் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 உயிர்களைப் பறித்த நோய் அது. பழந்தின்னி வௌவாலிடம் அந்தக் கிருமி இருப்பது உண்மை. ஆனால் மரத்தை வெட்டினால் அது அடுத்த தோட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

அவளிடம் நான் சொன்னது இது. கடித்த பழம், கீறல் விழுந்த பழம் எதையும் தின்னக் கூடாது, கடித்த இடத்தை அரிந்துவிட்டும் கூடாது. நல்ல பழமானாலும் கழுவித் தோல் சீவித்தான் கொடுக்க வேண்டும். திறந்த பானையில் இறக்கும் பதநீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. காலையில் கையில் உறை மாட்டிக்கொண்டு விழுந்ததைப் பொறுக்கிப் புதைத்துவிட்டு, சோப்பால் கை கழுவ வேண்டும். கீழே விழுந்த வௌவாலைத் தொடவே வேண்டாம். கடித்தாலும் பிறாண்டினாலும் 15 நிமிஷம் சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே டாக்டரிடம் போக வேண்டும். இப்போது எங்கள் தோட்டத்தைக் குழந்தை எழுந்திருக்கும் முன்பே நான் பெருக்கிவிடுகிறேன். சுவரில் கறை விழத்தான் செய்கிறது. வருஷத்துக்கு ஒரு சுண்ணாம்பு.

இலுப்பை, இலவம் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும், விதையைத் தூரத்தில் போடுவதும் இவைதான். அப்படியிருந்தும் 1972ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தீங்குப் பிராணி என்று பட்டியல் போட்டது! 2022ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலை எடுத்தார்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் பெரம்பூர் (நம் சென்னைப் பெரம்பூர் இல்லை) கிராமத்துக்காரர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊர் மரத்தில் தொங்கும் வௌவால்கள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லையாம்.