கையளவுக் கப்பல்கள்

பொழுதுபோக்கு என்றதும் பொழுதை வீணே கழிப்பது என்றே நம்மிற் பலர் பொருள் கொள்கின்றனர். முத்திரை சேகரிப்பதையும் பூந்தோட்டம் வைப்பதையும் ஓரளவு மதிப்போர்கூட, வளர்ந்த ஒருவர் மரத்துண்டுகளைச் சீவிச் சிறு கப்பல் செய்வதைக் கண்டால் நகைப்பர், “இது பிள்ளை விளையாட்டன்றோ?” என்பர். ஆனால், மாதிரிக் கப்பல் அமைக்கும் கலையின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படைக்குப் பெருங் கப்பல்கள் கட்டப்பட்டபோது, அவற்றின் மாதிரிகளையும் கைதேர்ந்த வினைஞர் மரத்திற் செய்தனர். மெய்க்கப்பலின் 48இல் ஒரு பங்கே அவற்றுட் பலவற்றின் அளவு. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை போர்த்தாது, கப்பலின் விலாவெலும்புகள் வெளியே தெரியும்படி விட்டிருப்பது அவற்றின் தனிச்சிறப்பு. மெய்க்கப்பல்களோ போரிலும் புயலிலும் அழிந்தன. எஞ்சியவை உக்கியும் உடைக்கப்பட்டும் போயின. மாதிரிகள் மட்டும் இலண்டனையடுத்த கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையிலும், அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி நூதனசாலையிலும் இன்றும் இருக்கின்றன. அக்காலக் கப்பல்கள் எவ்வாறு கட்டப்பட்டன என ஆராய்வோர் அவற்றையே நாடிச் செல்கின்றனர். பெரியது மறைந்த பின்னர் சிறியது சாட்சியாய் நிற்கின்றது.

அளவே அடிப்படை

மாதிரிக் கப்பலுக்கும் விளையாட்டுக் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு அளவில் அடங்கியுள்ளது. இதற்கு நம் நாட்டுக் கப்பலொன்றையே உதாரணமாகக் கொள்வோம். வல்வெட்டித்துறையில் வேப்பமரங்கொண்டு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தி, சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர்.

இக்கப்பலின் நீளம் 89 அடி; அகலம் 19 அடி. ஓரடிக்குக் கால் அங்குலம் என வைத்துக்கொண்டால், அதாவது 48இல் ஒரு பங்கு எனக் கொண்டால், மாதிரியின் நீளம் 22¼ அங்குலமும் அகலம் 4¾ அங்குலமும் ஆகும். ஆறடி உயர மாலுமி ஒன்றரை அங்குலப் பொம்மையாவார். மூன்று அங்குலத் தடிப்புள்ள பலகைக்கு ஓரங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தடிப்பே உரியது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பார்களாயின், பாடசாலையில் வரட்சியாய்த் தோன்றிய விகித சமம் உயிர்பெற்று எழுவதைக் காண்பார்கள்.

மரத்தைத் தெரிவதிலும் இவ்வளவைக் கருத வேண்டும். பருத்த நாரோடும் வரிகளோடும் கூடிய பலகை மெய்க்கப்பலுக்கு அழகாகலாம். சிறு கப்பலில் அவ்வரிகள் பூதாகாரமாய்த் தோன்றும். ஆதலால் நார் நெருங்கிய, வரி மங்கிய மரமே ஏற்றது.

ஏரா முதல் பாய்மரம் வரை

ஒரே கட்டையைக் குடைந்து செதுக்குவது ஒரு முறை. தொடங்குவோர்க்கு அது எளிது. மெய்க்கப்பலைப் போலவே உறுப்புறுப்பாகக் கூட்டுவது மற்றொரு முறை. கப்பலின் உள்ளமைப்பை நமக்குக் கற்பிப்பது இரண்டாவதே.

முதலில் அடிமரமாகிய ஏரா நேராகப் பொருத்தப்படும். மனிதருக்கு முதுகெலும்பு எப்படியோ அப்படியே கப்பலுக்கு ஏரா. அதன்மேல் இருபுறமும் விலாவெலும்புகள் போன்ற வங்குகள் நிறுத்தப்படும். பின்னர் பலகை போர்த்தும் வேலை தொடங்கும். பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுவே. பலகைக் கீற்றை வெந்நீரில் ஊறவைத்து, பேணியொன்றைச் சுற்றிக் கட்டி உலரவிட்டால், அது வளைந்த வடிவிலேயே நிற்கும். கப்பலின் நடுப்பகுதி பருத்தும் அணியம் ஒடுங்கியும் இருப்பதனால், ஒவ்வொரு கீற்றையும் முனைநோக்கிச் சிறிது சிறிதாக ஒடுக்கிச் சீவுதல் வேண்டும். இடப்புறம் ஒரு கீற்று ஒட்டினால் அடுத்த கீற்றை வலப்புறம் ஒட்ட வேண்டும். ஒருபுறத்தை முடித்துவிட்டு மறுபுறம் போவோம் என்று அவசரப்படுவோர், பலகையின் இழுவையால் ஏரா வளைந்துபோவதைக் காண்பர். அதன்பின் அதனை நிமிர்த்துவது அரிது.

இதனை அடுத்துத் தளமும், அதன்பின் பாய்மரங்களும் குறுக்கே பாய் தாங்கும் பருமல்களும் அமையும். கயிற்று வேலைக்கு நூலே போதும். தேன்மெழுகு பூசினால் பிசிர் அடங்கும். பாய்மரத்தை அசையாது தாங்கும் கயிறுகளுக்குக் கீல் பூசுவது வழக்கமாதலால், அவற்றுக்குக் கறுத்த நூல் வேண்டும். பாய்களை ஏற்றவும் இறக்கவும் உதவும் கயிறுகளுக்கு வெளிறிய நூல் பொருந்தும். துணியின் நெசவு சிறு கப்பலுக்குப் பரும்படியாகத் தோன்றுவதனால், பாய்களை முற்றாக விட்டுவிடுவோரும் பலர்.

இவ்வேலை ஒரு நாளில் முடிவதன்று. மாலைதோறும் ஒரு மணி நேரம் செலவிட்டாலும் பல மாதங்கள் செல்லலாம். தந்தையும் மக்களும் ஒரு மேசையருகே அமர்ந்து ஒருவர் சீவ, ஒருவர் அளக்க, ஒருவர் ஒட்டுவதற்கு இது வாய்ப்பளிக்கின்றது. கூரிய கத்தியை மட்டும் சிறுவர் கையிற் கொடுத்துவிட்டு அயலே போய்விடலாகாது.

நம் கரையின் கலங்கள்

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி எட்மொண்ட் பாரிஸ் என்பவரின் பணியை இங்கே நினைவுகூர்தல் தகும். இளம் அதிகாரியாய் உலகைச் சுற்றி வந்த காலத்தில், அவர் தாம் சென்ற துறைகளிலெல்லாம் உள்ளூர்க் கலங்களை அளந்து வரைந்தார். 1841 முதல் அவர் வெளியிட்ட பெருநூலில், ஐரோப்பியர் அல்லாதாரின் கலங்களுள் சோழமண்டலக் கரைத் தோணியும் இடம்பெற்றது. 1871இல் லூவர் மாளிகையிலிருந்த கடற்படை நூதனசாலையின் பொறுப்பை ஏற்றபின், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார். தோணி கட்டியவர்கள் நம்மவர். அதனை அளந்து போற்றி வைத்தவரோ தூரதேசத்தவர். இதனை எண்ணும்போது நமக்குப் பெருமையும் நாணமும் ஒருங்கே எழுகின்றன.

நம் ஓடாவிமாரின் அறிவு பெரும்பாலும் கையிலும் கண்ணிலும் இருந்தது. காகிதத்தில் இருந்தது குறைவு. அன்னபூரணி போன்ற பாய்க்கப்பல்கள் இன்று வல்வெட்டித்துறைக் கரையிற் கட்டப்படுவதில்லை. மீன்பிடித் துறைகளிலும் கண்ணாடியிழை வள்ளங்களே பெருகியுள்ளன. அவை பாரங் குறைந்தவை, பராமரிப்பதற்கு எளியவை. தொழிலாளர் அவற்றை விரும்புவதில் தவறில்லை. ஆனால், மரவள்ளம் மறையும்போது ஏரா, வங்கு, பருமல், அணியம் என்னும் சொற்களும் அதனோடு மறையக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. பொருள் போனபின் சொல் நெடுநாள் நில்லாது.

ஆதலின், இக்கலையில் நாட்டங்கொள்ளும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுதான். கடைகளிற் பெட்டிகளில் விற்கப்படும் மேனாட்டுப் போர்க்கப்பலின் பாகங்களை வாங்கிக் கூட்டிப் பழகுங்கள், அதில் தீதில்லை. கை பழகியதும், அண்மைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பழைய மரவள்ளம் ஒன்றை, உரியவரின் அனுமதியோடு அளந்துகொள்ளுங்கள். அளவுநாடா, பென்சில், கொப்பி ஆகிய மூன்றும் போதும். முழுநீளத்தை முதலிற் குறித்து, பின்னர் இரண்டடிக்கு ஓரிடமாக அகலத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். கரையிலுள்ள முதியவர் ஒருவரிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அதன் பயனையும் பணிவோடு கேட்டு, அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி முடிந்ததும், அதன் கீழே கலத்தின் வகை, அளந்த ஊர், ஆண்டு, அளவு விகிதம் ஆகியவற்றை ஒரு சிறு பலகையில் எழுதி வையுங்கள். உறுப்புகளின் பெயர்களை எழுதிய கொப்பியையும் எறிந்துவிடாதீர்கள்; மாதிரியோடு சேர்த்தே பேணுங்கள்.