இணையத்தில் விலைபோகும் நற்சான்றிதழ்கள்

தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போது கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் பெறுகின்றோம். எம்மை அறியாத ஓர் அலுவலகம், எம்மை அறிந்த ஒருவரின் சொல்லை நம்பி எம்மை ஏற்றுக்கொள்கின்றது. அந்தக் கையொப்பம் காசுக்குக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், நேர்மையாகப் பெற்றவரின் சான்றிதழும் சேர்ந்தே மதிப்பிழந்துவிடும். இணையத்திலும் இத்தகைய நற்சான்றிதழ் ஒன்று உண்டு. அதுதான் இணைப்பு. ஒரு பக்கத்திலுள்ள சொல்லை அழுத்தியதும் வேறொரு தளத்துக்கு எம்மை இட்டுச் செல்லும் வழி அது.

நான் ஆலையடிவேம்பில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகின்றேன். அக்கரைப்பற்றிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றார்கள். ஊர்ச் செய்திக்கும் பாடக் குறிப்புகளுக்கும் சொந்தமாகத் தளம் நடத்தும் இளையோர் எமது கரையோரத்தில் இருக்கின்றார்கள். இணைப்புகளை விலைக்கு வாங்குவோர் இவர்களையும் தேடி வருகின்றார்கள். அதனால்தான் மாணவிகளும் பெற்றோரும் இதனை அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகின்றேன்.

இணைப்பு சாட்சியான கதை

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் கூகுள் தேடுபொறியை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற அறிஞர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றார்களோ அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு உயரும். அந்த வழக்கத்தையே அவர்கள் இணையத்துக்கும் பொருத்தினர். ஒரு பக்கத்தை நோக்கி வரும் ஒவ்வோர் இணைப்பும் அதற்குக் கிடைக்கும் ஒரு சாட்சி. நன்மதிப்புள்ள தளத்திலிருந்து வரும் சாட்சிக்குப் பெறுமதி அதிகம். பேஜ்ராங்க் எனப்படும் இம்முறையே கூகுளின் வெற்றிக்கு அடித்தளமாயிற்று.

சாட்சிக்கு மதிப்பு வந்தவுடன் பொய்ச் சாட்சிக்கும் சந்தை உருவானது. பட்டியலின் மேலே வர விரும்பியோர் பிற தளங்களில் இணைப்புகளை விலைக்கு வாங்கத் தொடங்கினர்.

விளம்பரத்தில் வாழும் தளங்கள்

வாசகரிடம் கட்டணம் வாங்காத தளங்கள் பல விளம்பரத்தையே நம்பியிருக்கின்றன. கூகுளின் அட்சென்ஸ் திட்டம் 2003இல் தொடங்கியது. தமிழ்த் தளங்களுக்கு அது 2018 பெப்ரவரியில்தான் திறந்தது. தளத்தில் விளம்பரம் காட்டப்படும். பார்ப்போரும் அழுத்துவோரும் பெருகினால் வருமானம் பெருகும். கணக்கில் 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் கைக்கு வரும். சிறிய தளத்துக்கு அந்த 100 டொலர் சேர மாதங்கள் செல்லும்.

என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி, சாதாரண தர விஞ்ஞானப் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதி ஒரு தளம் நடத்துகின்றாள். அந்த வருமானத்தில்தான் வீட்டு இணையக் கட்டணமும் தம்பியின் வகுப்புக் கட்டணமும் போகின்றன. ஒருநாள் அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர்கள் தரும் கட்டுரையை வெளியிட்டு, அதில் ஒரு சூதாட்டத் தளத்துக்கு இணைப்பு வைத்தால் 40 டொலர். அது விளம்பரம் என்று எங்கும் குறிப்பிடக் கூடாது என்பது நிபந்தனை.

“டீச்சர், ஒரு வரிதானே, ஆரு பாக்கப்போறா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. வாசகர் பார்க்காமல் விடலாம். ஆனால் தேடுபொறி ஒவ்வொரு வரியையும் வாசிக்கின்றது. அத்தோடு அந்த வரி எழுதப்படுவதே வாசகருக்காக அல்ல, தேடுபொறிக்காகத்தான்.

வீழ்ந்த பெரியவர்கள்

இது சிறியவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல. அமெரிக்காவின் பெரிய வர்த்தக நிறுவனமான ஜே.சி.பென்னி, 2010ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் கூகுளில் உடை, படுக்கை விரிப்பு, தளபாடம் எனப் பல தேடல்களில் முதலிடத்தில் நின்றது. தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு வகைப் பயணப்பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம் இரண்டு மணித்தியாலத்துக்குள் 71ஆம் இடத்துக்குப் போனது. இணைப்புகள் பற்றித் தமக்குத் தெரியாது என்று நிறுவனம் கூறியும் அதன் இடம் உடனே திரும்பவில்லை.

2013 பெப்ரவரியில் பிரித்தானியாவின் இன்டர்ஃப்ளோரா என்ற பூ விற்கும் நிறுவனம், தன் சொந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காத நிலைக்கு ஆளானது. பிரதேசப் பத்திரிகைகளின் தளங்களில் கட்டுரை வடிவில் வந்த விளம்பரங்களில் அதற்கு இணைப்புகள் இருந்தன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது விற்றவர்களின் நிலை. அப்பத்திரிகைகள் சிலவற்றின் தளங்களும் பேஜ்ராங்க் மதிப்பை இழந்தன. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தண்டனை உண்டு.

2012 ஜனவரியில் தனது குரோம் உலாவியின் விளம்பர வேலையில் இவ்விதி மீறப்பட்டபோது, கூகுள் தன் சொந்தப் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குக் கீழிறக்கியது.

தண்டனை எப்படி வருகின்றது?

இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஊழியர் ஒருவர் பார்த்து எடுக்கும் நடவடிக்கை. கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் அதற்கான அறிவித்தல் வரும். தவறைத் திருத்தி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றையது கணினி நிரல் தானாகவே தரும் தீர்ப்பு. 2012 ஏப்ரல் 24இல் வந்த பென்குயின் என்ற மாற்றம், ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 சதவீதத்தைப் பாதித்தது. இதற்கு அறிவித்தல் வராது. ஒருநாள் காலையில் வாசகர் தொகை குறைந்திருக்கும். 2016 முதல் அந்த நிரல் போலி இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடுகின்றது. அப்போது தண்டனை இல்லை என்றாலும் வாங்கியவரின் காசு வீண்.

விளம்பரத்தில் வாழும் தளத்துக்கு இதில் ஆபத்து அதிகம். கடை வைத்திருப்பவருக்குத் தெருவில் போகும் வாடிக்கையாளர் உண்டு. பாடக் குறிப்புத் தளத்துக்குத் தேடுபொறியே தெரு. அந்தத் தெரு மூடினால் 40 டொலரோடு மாதாந்த வருமானமும் போய்விடும்.

செய்யக்கூடியது என்ன?

விளம்பரம் பெறுவது குற்றமல்ல, அதை மறைப்பதே குற்றம். காசு பெற்று வைக்கும் இணைப்பில் ‘ஸ்பான்சர்ட்’ அல்லது ‘நோஃபாலோ’ என்ற குறியைச் சேர்த்தால், இது சாட்சியல்ல, விளம்பரம் என்று தேடுபொறி விளங்கிக்கொள்ளும். நோஃபாலோ 2005இலும் ஸ்பான்சர்ட் 2019இலும் அறிமுகமாயின.

சூதாட்டத்துக்கு எந்தக் குறியோடும் இடமில்லை என்று அந்த மாணவி முடிவெடுத்துவிட்டாள். வேறு பொருளுக்கான விளம்பரமென்றால் இக்குறியோடு போடலாம் என்று பதில் எழுதினாள். அவர்களிடமிருந்து பின்னர் பதிலே வரவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது விளம்பரமல்ல, அவளது கையொப்பம்.

பாடசாலைகளுக்கும் பழைய மாணவிகள் சங்கங்களுக்கும் ஒரு சொல். தளத்தின் பெயரை உரிய காலத்தில் புதுப்பியுங்கள். காலாவதியான பெயர்களை, அவற்றுக்குள்ள பழைய இணைப்புகளின் மதிப்புக்காகவே வாங்குவோர் உள்ளனர். 2018இல் மூடப்பட்ட த ஹெயர்பின் என்ற அமெரிக்கப் பெண்கள் தளத்தின் பெயர் இவ்விதம் கைமாறி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பப்பட்டது 2024இல் தெரியவந்தது. இத்தகைய செயலையும் அதே ஆண்டு மார்ச்சில் கூகுள் தனது தடைப் பட்டியலில் சேர்த்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இணையத்தில் உழைத்தால், “எவ்வளவு கிடைத்தது?” என்பதோடு “எதற்காகத் தந்தார்கள்?” என்றும் கேளுங்கள். மாணவிகளே, காசு தருபவர் அது விளம்பரமென்று சொல்ல வேண்டாம் என்றால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். நீங்கள் வாசித்துப் பயன்பெற்ற தமிழ்த் தளங்களுக்கு உங்கள் பக்கங்களில் இணைப்புக் கொடுங்கள். அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஆனால் நல்ல தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தேடும் இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்க வழி அமையும்.